களி, கடைசல், கொள்ளு ரசம்: ஒரு ராத்திரிச் சாப்பாட்டின் வேதியியல்

1878-இல், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கென்னி-ஹெர்பர்ட் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். இங்கே குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கான நூல் அது. அதில் முப்பது இரவு விருந்துகளுக்கு முழுப் பட்டியல் உண்டு. எந்த சூப்பில் தொடங்குவது, அதன்பின் என்ன மீன், என்ன இறைச்சி, எந்த இனிப்பில் முடிப்பது, ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று விளக்கமாக எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மேலை நாடுகளில் இத்தகைய வீட்டுச் சமையல் நூல்கள் பெருகின. இன்று ராத்திரி இது, நாளை ராத்திரி அது என்று நாள்வாரியாகப் பட்டியல் போட்டுத் தந்தவையும் உண்டு.

அதே காலத்தில் சேலத்துக்குப் பக்கத்தில், கஞ்சமலையை ஒட்டிய இளம்பிள்ளையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தினமும் ராத்திரி அடுப்பு எரிந்தது. அந்தச் சாப்பாட்டுக்குப் புத்தகம் கிடையாது. பட்டியல் பெண்களின் நினைவில் இருந்தது. மானாவாரி நிலம், நெல்லுக்குப் பாயும் தண்ணீர் குறைவு. ஆகவே ராகிக் களியும் கீரைக் கடைசலும் ஒரு நாள். கம்பஞ்சோறும் தட்டப்பயறுக் குழம்பும் ஒரு நாள். சோளச்சோறும் மோரும் ஒரு நாள். கொள்ளு வேகவைத்தால் கொள்ளுக் கடைசல், கூடவே ரசம். நோம்பி, அதாவது பண்டிகை, வந்தால் நெல்லுச்சோறு. முழுப் பட்டியலும் இவ்வளவுதான். முப்பது விருந்துப் பட்டியலுக்கு முன்னால் இது ஏழைப் பட்டியலாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பண்டத்தையும் அது செய்யப்படும் முறையோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டுபிடிக்கவேண்டிய விஷயங்கள் அதற்குள் வரிசையாக நிற்கின்றன.

ராகியிலிருந்து தொடங்கலாம். ஒரு ராகி மணியின் குறுக்களவு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர். ஒரு கிலோ ராகியை எண்ண உட்கார்ந்தால் மூன்று லட்சம் மணிகளைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். இந்தச் சிறுமைதான் அதன் பலம். அரிசியைத் தீட்டுவதுபோல ராகியைத் தீட்ட முடியாது. மணி மிகச் சிறியது; செந்நிற விதைத்தோல் உள்ளே இருக்கும் மாவுப் பகுதியோடு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ராகியை அரைத்தவர்கள் எல்லோரும் தோலோடுதான் அரைத்தார்கள், தோலோடுதான் தின்றார்கள். ராகியின் சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், கணிசமான பங்கு அந்தத் தோலில் இருக்கிறது. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு பாலில் ஏறத்தாழ 120. தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுக்குத்தான் தேறும். ஒரு ஆள் ஒரு வேளைக்கு 150 கிராம் மாவில் கிண்டிய களி சாப்பிட்டால் 500 மில்லிகிராமைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இப்போதைய கணக்கு. பாதி, ஒரே வேளையில். அத்தனையும் உடம்பில் ஒட்டிவிடாது என்பதும் உண்மை; அதற்குப் பின்னால் வருகிறேன்.

தோலோடு இருக்கும் ராகிக்கு இன்னொரு குணம் உண்டு: கெடாது. கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சிக்கு வாடை பிடிக்காது. தோலில் உள்ள துவர்ப்புச் சேர்மங்கள் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் எளிதில் இடம் தருவதில்லை. குதிரிலும் தானியக் குழியிலும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து எடுத்து அரைக்கலாம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அப்படிப்பட்ட மண்ணில் கெடாத தானியம் என்பது உயிர்க்காப்பு.

இனி அடுப்படிக்குப் போவோம். களி கிண்டுவது பார்க்க எளிது, செய்தால் கட்டி தட்டும். காரணம் ஸ்டார்ச். தானிய மாவின் பெரும்பகுதி ஸ்டார்ச் என்ற மாவுப்பொருள், நுண்துகள்களாக இருக்கும். குளிர்ந்த தண்ணீரில் அவை சும்மா கிடக்கும். வெப்பம் 65, 70 டிகிரியைத் தொடும்போது தண்ணீரைக் குடித்து ஊதி, இறுக்கம் விட்டுக் கூழாகும். இதைக் கூழ்மமாதல் என்பார்கள். வறண்ட மாவைக் கொதிநீரில் கொட்டி உடனே கிண்டினால், உருளும் ஒவ்வொரு மாவுக் கொத்தின் வெளிப்புறம் மட்டும் நொடியில் வெந்து பசையாகிவிடும். அந்தப் பசை தண்ணீரை உள்ளே விடாது. உள்ளே பச்சை மாவு, வெளியே வெந்த தோல்: அதுதான் கட்டி.

கஞ்சமலைப் பக்கத்துப் பெண்கள் இதைச் சமாளித்த விதத்தைக் கவனியுங்கள். முதலில் பானையில் கொஞ்சம் அரிசி நொய்யை வேகவிடுவார்கள். நொய் குழைந்து தண்ணீர் கெட்டிப்படும்போது ராகி மாவை நடுவில் குவியலாகக் கொட்டுவார்கள். கிண்ட மாட்டார்கள். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே ஒரு குழி குத்திவிட்டு, தீயைத் தணித்து மூடிவிடுவார்கள். கொதிநீர் அந்தக் குழி வழியே மேலேறிக் குவியலுக்குள் கசியும். ஆவி எல்லாப் பக்கமும் பரவும். மாவு அசையாமலேயே நனைந்து பாதி வெந்துவிடும். அதன்பிறகுதான் பானையை இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்து, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் கிண்டுவது. அப்போது பச்சை மாவு எங்கேயும் இல்லாததால் கட்டிக்கு வழியில்லை. நனைத்த கையால் உருட்டி, தட்டில் வைத்து, நடுவில் பள்ளம் பறித்து, அதில் கடைசலை ஊற்றினால் ராத்திரிச் சாப்பாடு தயார்.

இளம்பிள்ளை நெசவு ஊர். இந்தப் பானையில் நடக்கும் அதே வேதியியல் அங்கே இன்னொரு வேலையும் செய்தது. விடிகாலையில் பாவடியில் பாவை நீட்டிக் கட்டி, காய்ச்சிய கஞ்சியைத் தடவித் தேய்ப்பார்கள். ஊதிய ஸ்டார்ச் ஒவ்வொரு இழையின் மேலும் பரவிக் காயும், பிசிறுகளை ஒட்டவைக்கும், நூலுக்கு மேல் மெல்லிய ஏடாகப் படியும். தறியில் விழுது ஏறி இறங்கும்போது பாவு நூல் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. கஞ்சி ஏடு இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். களிக்கும் பாவுக்கும் ஒரே கைப்பக்குவம்: எந்தச் சூட்டில், எவ்வளவு தண்ணீரில் மாவு பசையாகும் என்ற அறிவு. குழித்தறியில் உட்கார்ந்தவரும் அடுப்படியில் உட்கார்ந்தவரும் வெப்பமானி இல்லாமல் அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். பின்னாளில், 1940-களில், சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் தொழில் வளர்ந்தது. அந்த ஸ்டார்ச்சுக்கும் ஜவுளி ஆலைகள் முக்கியமான வாடிக்கையாளர்கள்.

கம்பு ராகிக்கு நேர் எதிர். அதில் கொழுப்பு ஐந்து சதவீதம் வரை உண்டு; தானியங்களில் அது அதிகம். கொழுப்பைப் பிளக்கும் லைப்பேஸ் என்ற நொதியும் அதன் முளையிலும் தவிட்டிலும் இருக்கிறது. நொதி என்பது உயிருள்ள பொருள்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். மணி முழுதாக இருக்கும்வரை நொதியும் கொழுப்பும் தனித்தனி அறையில் இருக்கின்றன; சிக்கல் இல்லை. குத்தியோ அரைத்தோ உடைத்தவுடன் இரண்டும் கலந்துவிடும். கொழுப்பு உடைந்து, சில நாளிலேயே மாவில் கசப்பும் சிக்கு வாடையும் ஏறிவிடும். கம்பு மாவைப் பாக்கெட்டில் அடைத்து விற்க நினைத்த தொழிலகங்களுக்கு இன்றுவரை இது தலைவலி. மாவாக்குவதற்கு முன் தானியத்தைச் சூடாக்கி நொதியை முடக்குவது ஒரு வழி.

நம் ஊர்ப் பெண்களின் வழி வேறு. அன்றன்றைக்கு வேண்டிய கம்பை அன்றன்றைக்கே குத்தினார்கள். கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்சநேரம் விடுவார்கள். மேல்தோல் ஈரத்தை வாங்கி இளகும்; உள்ளே இருக்கும் மாவுப்பகுதி கெட்டியாகவே இருக்கும். உரலில் போட்டு உலக்கையால் குத்தினால் தோல் மட்டும் உரிந்து வரும். முறத்தில் புடைத்துத் தவிட்டை நீக்கி, மறுபடி குத்தி, ரவையையும் மாவையும் பிரிப்பார்கள். கொதிநீரில் ரவை முதலில், மாவு பிறகு. தண்ணீர் தெளிக்கும் அளவு கொஞ்சம் கூடினால் மணி முழுதும் நைந்துவிடும், குறைந்தால் தோல் வராது. இன்றைய மாவாலைகளிலும் கோதுமையை அரைப்பதற்கு முன் இப்படி அளவாக ஈரமூட்டித்தான் ஊறவைக்கிறார்கள். தினமும் குத்தியது பழக்கம் என்று நாம் சொல்லிவிடலாம். வேதியியல் அதற்கு வேறு வழி விட்டுவைக்கவில்லை. அந்த உழைப்பு எத்தனை பெண்களின் தோளையும் முதுகையும் தின்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தானியம் மட்டும் தின்றால் உடம்பு தேறாது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற அலகுகளைக் கோத்துச் செய்யும் சங்கிலி. அவற்றில் சிலவற்றை நம் உடம்பால் உண்டாக்க முடியாது; சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். ஒரு சேலையில் பல நிற நூல் ஓடும்போது கரைக்கான நிறம் தீர்ந்துபோனால், மற்ற நூல் கண்டு கண்டாகக் கிடந்தாலும் தறி நின்றுவிடும் அல்லவா? உடம்பும் அப்படித்தான் நிறுத்திவிடும். தானியங்களில் பற்றாக்குறையாக இருக்கும் அந்த நிறம் லைசின். 1914-இல் அமெரிக்காவில் ஆஸ்பார்ன், மெண்டல் என்ற இரு விஞ்ஞானிகள், லைசின் இல்லாத உணவில் எலிக்குஞ்சுகளின் வளர்ச்சி நின்றுபோவதையும், லைசினைச் சேர்த்ததும் மறுபடி வளர்வதையும் காட்டினார்கள்.

கொள்ளிலும் தட்டப்பயறிலும் பச்சைப்பயறிலும் லைசின் தாராளம். பயறுகளில் குறைவது மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம். ராகியில் அது கணிசமாக உண்டு. களியின் பள்ளத்தில் பயறுக் கடைசலை ஊற்றும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. ஆஸ்பார்ன் எலிகளை எடைபோட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டில், சேலத்து வீடுகளில் இந்தக் கலவை தினமும் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

கொள்ளுக்கு என்று ஒரு பிடிவாதம் உண்டு. 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தாலும், அந்தப் புரதத்தைச் செரிக்கும் நம் குடல் நொதியைத் தடுக்கிற பொருளும் அதிலேயே இருக்கிறது. பச்சையாகத் தின்றால் பலன் குறைவு. நீண்டநேரம் வேகவைத்தால் அந்தத் தடை பெரும்பாலும் முறிந்துவிடும். அதனால்தான் கொள்ளு மணிக்கணக்கில் அடுப்பில் கிடக்கும். வெந்த தண்ணீரில் பி வகை வைட்டமின்களும் தாது உப்புகளும் இறங்கியிருக்கும். அதைக் கீழே ஊற்றாமல் இறுத்து, புளியும் பூண்டும் மிளகும் சீரகமும் சேர்த்து ரசமாக்கினார்கள். சட்டியில் மிஞ்சிய கொள்ளு மத்தில் கடைபட்டுக் கடைசலாகும். ஒரே அடுப்பு, ஒரே பயறு, இரண்டு பண்டம், வீண் ஒன்றுமில்லை.

இப்போது பாக்கி வைத்த விஷயத்துக்கு வருவோம். தானியத்திலும் பயறிலும் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. விதை தன் பாஸ்பரஸைச் சேமித்துவைக்கும் வடிவம் அது. நம் குடலில் அது கால்சியத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. ராகியில் இருப்பது முழுக்க நமக்குச் சேராததற்கு முக்கியமான காரணம் இதுதான். இந்தக் கட்டை அவிழ்க்கும் கருவிகளும் அந்தப் பட்டியலிலேயே இருந்தன. புளி, புளிச்சக்கீரை, மோர் ஆகியவற்றின் புளிப்பு இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க உதவும். மிஞ்சிய களியும் கம்பு உருண்டையும் ராத்திரியே தண்ணீருக்குள் போகும். மண்பானையில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் விடிவதற்குள் அதைப் புளிக்கவைத்துவிடும். புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிகள் பெருக முடியாது. நொதித்தலில் ஃபைட்டிக் அமிலமும் ஓரளவு சிதைகிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், சேலத்து வெயிலில், மிச்சச் சோறு கெடாமல் இருந்ததோடு சத்தும் கூடியது.

காலையில் அந்தக் கூழுக்குக் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். இது வெறும் ருசிக்காக என்றுதான் நானும் நினைத்திருப்பேன். 2010-இல் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் வெங்காயத்தையும் பூண்டையும் தானியங்களோடும் பயறுகளோடும் சேர்த்து, செரிமானத்தைச் சோதனைக் குழாயில் நடத்திப் பார்த்தார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளத்தக்க நிலைக்கு வரும் இரும்பும் துத்தநாகமும் கூடின. கொள்ளு ரசத்தில் நசுக்கிப் போட்ட பூண்டுக்கும் கம்பங்கூழின் வெங்காயத்துக்கும் இப்படி ஒரு வேலை இருப்பதைப் படித்தபோது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

நோம்பிக்கு வரும் நெல்லுச்சோற்றின் கதை உலகக் கதை. 1890-களில் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோவதையும், தவிட்டோடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். மனிதரில் அந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி. 1912-இல் போலந்துக்காரரான காசிமிர் ஃபங்க் தவிட்டில் இருந்த அந்த மர்மப் பொருளைத் தேடிப்போய், 'வைட்டமின்' என்ற பெயரை உலகுக்குத் தந்தார். இன்று அதை பி1 என்கிறோம். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் இந்தியாவின் பெரிபெரியை ஆராயத் தொடங்கினார். அன்றைய சென்னை மாகாணத்தில் அந்த நோய் ஆந்திராவின் வடக்குக் கடற்கரை மாவட்டங்களில்தான் மிகுதி. அங்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி புழங்கியது. தமிழ் மாவட்டங்களில் புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 தண்ணீரோடு மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கழுவினாலும் அதில் நல்ல பங்கு தங்கிவிடும். வாசலில் கொப்பரை வைத்து நெல் அவித்தவர்கள் ஒரு கொடிய நோயை ஊருக்குள் விடாமல் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மெக்கரிசன் பின்பு இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து 140 நாள் வளர்த்து எடைபோட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்ற சீக்கியர் உணவு தின்ற எலிகள் சராசரியாக 235 கிராம். மதராஸ் உணவு தின்றவை 155 கிராம். தென்னிந்திய உணவே சோடை என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. கூண்டுக்குள் போன மதராஸ் உணவு அரிசியை அடிப்படையாகக் கொண்டது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. களியும் கம்பும் கொள்ளும் அந்தத் தட்டில் இல்லை.

மெக்கரிசனுக்குப் பின் குன்னூருக்கு வந்த டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, ஆட்களைத் தென்னிந்தியக் கிராமங்களுக்கு அனுப்பினார். வீடு வீடாகப் போய், சமைப்பதற்கு முன் அரிசி, ராகி, பருப்பு, கீரை எல்லாவற்றையும் தராசில் நிறுத்துக் குறித்தார்கள். 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை ஒரு சிறு நூலாக வெளிவந்தது. நிறைவான உணவை எப்படி அமைப்பது என்ற வழிகாட்டலும் அதில் இருந்தது: அரிசியை மட்டும் நம்பாமல் சிறுதானியத்தைக் கலக்கவேண்டும், பயறும் கீரையும் பாலும் கூட்டவேண்டும். அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

பழைய பட்டியலைப் புகழும்போது அதன் ஓட்டைகளையும் சொல்லவேண்டும். கீரையும் பயறும் இல்லாத நாளில் களிக்கு உப்பும் மிளகாயும்தான் துணை. அத்தகைய நாள்கள் ஏழை வீடுகளில் நிறையவே இருந்தன. பால் விற்பனைக்குப் போய்விடும். வெள்ளாமை பொய்த்தால் பட்டியலே இல்லை. இன்னொன்று: ராகி தின்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்ற பேச்சு இப்போது பரவியிருக்கிறது. நைசாக அரைத்துக் குழைய வேகவைத்த ஸ்டார்ச்சை உடம்பு வேகமாகவே சர்க்கரையாக்கும், அது எந்தத் தானியமானாலும் சரி. நீரிழிவு உள்ளவர்கள் களியின் அளவைப் பார்த்துத்தான் சாப்பிடவேண்டும்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. கடைகளில் ராகி பிஸ்கட்டும் கம்பு அவலும் வந்துவிட்டன. தானியம் திரும்பிவிட்டது. பக்குவம் அவ்வளவு எளிதில் திரும்பாது. அது எந்த அட்டவணையிலும் இல்லை. தராசு வைத்து நிறுத்தவர்கள் பானைக்குள் போன ராகியின் எடையைக் குறித்தார்கள். எத்தனை பங்கு தண்ணீர், குழி குத்திய பின் எவ்வளவு நேரம், கம்பின் மேல் எவ்வளவு ஈரம் என்பது அதைச் செய்த கைகளோடு நின்றுவிட்டது. உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால், இந்த வாரமே ஒரு ராத்திரி அவர்களைக் களி கிண்டச் சொல்லி, அல்லது பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே கிண்டி, மாவின் அளவையும் தண்ணீரின் அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.